துண்டுக்குள் கொடுத்த பாஸ்வேர்டு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருபத்தெட்டு வயதில் இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. யார் என்ன கேட்டாலும் எல்லாம் புரிந்தவன்போல் தலையை ஆட்டிவிடுவேன். அப்படி ஆட்டியதில் போடிநாயக்கனூரில் ஒரு நாள் ஏலக்காய் ஏலமே தடைபட்டது. கூடவே என் கல்யாணமும் நிற்கப் பார்த்தது.

எண்பதுகளின் கடைசி அது. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஏதோ சந்திரனுக்குப் போய்விட்டு வந்தவன்போல் ஊர் திரும்பியிருந்தேன். சுருளியப்பன் அண்ணன் நடத்திய ஏலக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மலையிலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் காயைத் தரம் பிரித்து, லாட்டு லாட்டாக நம்பர் போட்டு, வியாபாரிகள் முன் ஏலம் விடுவார்கள். எந்த லாட்டு யாருடைய தோட்டத்துக் காய் என்பது ஏலம் முடியும்வரை ஒருவருக்கும் தெரியக் கூடாது. அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளத்தான் அண்ணன் ஒரு சர்வர் வாங்கினார். பெரிய பெட்டி. அதை இயக்கினால்தான் ஏலக்கூடத்தில் இருக்கும் மற்ற இரண்டு திரைகளுக்கும் உயிர் வரும். அதற்கென்று கட்டிய ஏ.சி. அறைதான் எங்கள் தெருவிலேயே குளிர்ச்சியான இடம். (மதியம் சாப்பிட்டதும் அண்ணன் கம்ப்யூட்டரை 'மேற்பார்வை' பார்க்க உள்ளே போவார். குறட்டைச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்.)

கம்பெனியில் எனக்கு ஏகப்பட்ட மரியாதை. பெண் கேட்டுப் போன இடத்தில்தான் ஒன்றும் எடுபடவில்லை. "கம்ப்யூட்டர்ல என்ன சோலி பாக்குறீக?" என்று கேட்பார்கள். நான் அரைமணி நேரம் விளக்குவேன். கடைசியில், "அப்ப நெலையான வேலை இல்ல போல" என்று முடித்துவிடுவார்கள். இப்படி மூன்று இடம் தட்டிப்போனது. நான்காவதாகத் தேவாரம் என்ற ஊரில் ஒரு இடம் வந்தது. பெண் பெயர் ஈஸ்வரி. போட்டோவைப் பார்த்த அன்றே, இந்த இடமும் போனால் பிறகு எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும், "பாப்போம், பாப்போம்" என்று அலட்சியமாகச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, குடோனுக்குப் பூட்டு இருக்கு, பீரோவுக்குப் பூட்டு இருக்கு. இதுல மட்டும் எவன் வேணாலும் சுவிட்சத் தட்டிப் பட்டியலப் பாத்துரலாமா?"

"பூட்டிரலாம்ணே" என்றேன். எப்படி என்று சத்தியமாகத் தெரியாது.

பெட்டியோடு வந்த தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். சுவிட்சைப் போட்டவுடன் ஒரு விசையை அமுக்கினால் தனியாக ஒரு பக்கம் திறந்தது. அதில் பாஸ்வேர்டு வைத்துவிட்டால், பெட்டி கண் விழிக்கும்போதே அதைக் கேட்கும். சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளும். அண்ணனுக்கு ஆங்கில எழுத்து வராது என்பதால் எண்களாக வைத்தேன். மதுரையில் நான் எழுதிய கம்ப்யூட்டர் பரீட்சையின் பதிவு எண்: 739068. 'இதை எழுதிப் பத்திரமாக வைக்கவும்' என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஞாபகசக்தி இல்லாதவர்களுக்குச் சொன்னது என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

பெண் பார்க்கப் புதன்கிழமை குறித்தார்கள். அன்று ஏல நாள். லீவு கேட்டேன்.

"போயிட்டு வா. அந்த நம்பர மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போ" என்றார் அண்ணன். நான் வாயைத் திறந்ததும் உள்ளங்கையால் பொத்தினார். "வாயால சொல்லாத. வெளிய அத்தன வியாபாரி காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறான்." தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கையின்மேல் போட்டு, உள்ளேயிருந்து விரல்களை நீட்டினார். "ம், குடு."

எங்கள் பக்கத்தில் மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தொகை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் அந்தப் பழக்கத்தை ஏலக்கடைக்கும் கொண்டுவந்திருந்தார். ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து என்பது வரை எனக்குத் தெரியும். அதற்குமேல் போனால் நான் தற்குறி. அதை முதலாளியிடம் ஒப்புக்கொள்வதா? ஏழுக்கு முழுக்கையைப் பிடித்துவிட்டு இரண்டு விரலை இழுத்தேன். ஒன்பதுக்குக் கட்டைவிரலைத் திருகினேன். பூஜ்யத்துக்கு உள்ளங்கையைக் கிள்ளினேன்.

"புரிஞ்சுதாண்ணே?"

அண்ணன் கண்ணை மூடி, வேத மந்திரம் கேட்டவர்போல் தலையாட்டினார்.

"ஒரு தடவ அடிச்சுப் பாத்துருவமா?" என்று கேட்டார். "ஓடிக்கிட்டிருக்குற மெஷின நிறுத்தப்படாதுண்ணே" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டேன். (அந்த அதட்டலுக்கு என்னைக் கட்டிவைத்து உதைத்திருக்க வேண்டும்.)

புதன்கிழமை காலை தேவாரத்தில் இருந்தோம். ஈஸ்வரியின் அப்பா பெருமாள் விவசாயி, மாட்டுத் தரகும் பார்ப்பவர். ஆளை மேலும் கீழும் பார்த்துப் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறையாக என்னை எடைபோட்டார். வழக்கமான கேள்வி வந்தது. இந்த முறை அரைமணி விளக்கம் வேண்டாம் என்று, "ஏல நம்பர் பட்டியலுக்கு நாந்தான் பொறுப்பு மாமா. நான் இல்லாட்டி ஏலம் இல்ல" என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

அப்போது வாசலில் ஜீப்பு வந்து நின்றது. சட்டையெல்லாம் வியர்வையோடு சுருளியப்பன் அண்ணன் இறங்கி ஓடிவந்தார்.

"தம்பி, கரண்டு போயிட்டு வந்துச்சு. பெட்டி நம்பர் கேக்குது. நானும் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுபோச்சு, தெறக்க மாட்டேங்குது. குரங்கணி மலையில இருந்து காய எறக்குனவுக எல்லாம் உக்காந்திருக்காக. ஏறு ஜீப்புல!"

எழப்போனேன். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "பொண்ணு இன்னும் வெளியவே வரல. இப்ப எந்திரிச்ச, நான் செத்த மாதிரிதான்."

"சரி, நம்பரையாச்சும் குடு" என்றார் அண்ணன். கூடம் நிறைய ஈஸ்வரி வீட்டுச் சொந்தம். அதில் ஒருவர் எதிர்க்கடை வியாபாரியிடம் வேலை பார்ப்பவர் என்பதை அந்த அவசரத்திலும் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். துண்டைக் கையில் போட்டு நீட்டினார்.

பழையபடி பிடித்தேன், இழுத்தேன், திருகினேன், கிள்ளினேன். அண்ணன் வலியில் முனகினார். நிமிர்ந்து பார்த்தால் பெருமாள் மாமா எழுந்து நிற்கிறார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்ன நடக்குது இங்க? என் வீட்டுல உக்காந்துக்கிட்டே மாப்ளைக்கு வேற எடத்துல வெல பேசுறீகளா? அதுவும் ஒரு தரகன் கண்ணு முன்னாடியா?"

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான்காவது இடமும் கைவிட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தேன். தட்டுத்தடுமாறிப் பெட்டி, பூட்டு, நம்பர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா நம்பவில்லை. அண்ணனின் துண்டைப் பிடுங்கித் தன் கையில் போட்டுக்கொண்டார்.

"வெல இல்ல, நம்பருதான்னா எங்கிட்டக் குடு. நான் பாக்கேன்."

கொடுத்தேன். அவர் முகத்தில் கோபம் போய்க் குழப்பம் வந்தது. பிறகு பரிதாபம் வந்தது.

"மாப்ளே, முப்பது வருசமா துண்டுக்குள்ள பேசுறேன். இப்பிடி ஒரு பேச்ச நான் பாத்ததே இல்ல. இத வச்சு ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்க முடியாது."

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஈஸ்வரியின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, அவுகளுக்கு விரல் பேச்சே தெரியலப்பா. ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா என்னவாம்?"

ஒரு முதலாளியும் ஒரு தரகரும் ஒரு கம்ப்யூட்டர் மேதையும் இருந்த இடத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. அவளே நோட்டுத் தாளைக் கிழித்து, பேனாவோடு கொண்டுவந்து நீட்டினாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன். அவள் ஆறு எண்களையும் பார்த்துவிட்டாள்.

"அன்னைக்கே புரியலன்னு சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றேன், தாளைக் கொடுத்தபடி.

"சின்னப்பய நீ, ஒங்கிட்டப் போய் விரல் பேச்சுப் புரியலன்னு எப்பிடிடா சொல்லுவேன்? வெக்கமா இருந்துச்சு" என்றார் அண்ணன். அவர்மேல் எனக்கு அன்று வந்த பிரியம் கடைசிவரை குறையவில்லை. என் வியாதி அவருக்கும் இருந்திருக்கிறது.

ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். பெருமாள் மாமாவைத் தனியாக அழைத்துப்போய்ச் சத்தமாகவே சொன்னார்: "இங்க பாருங்க, ஒங்க பொண்ணு நம்பரப் பாத்திருச்சு. இனி அத வேற வீட்டுக்கு அனுப்ப முடியாது. எங்க கம்பெனிக்கு ஆபத்து. பேசாம இவனுக்கே முடிச்சுருங்க."

மாமா யோசித்தார். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லத் துப்பில்லாத பயலா இருக்கானே."

"நானும் அப்பிடித்தான். நல்லாப் பொழைக்கலையா?" என்றார் அண்ணன்.

ஏலம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தது. கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது.

பாஸ்வேர்டை அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. எனக்கு மறந்துபோன இரண்டு தடவை, வீட்டுக்கு ஆள் அனுப்பி ஈஸ்வரியிடம் கேட்டுத்தான் பெட்டியைத் திறந்தோம்.

இத்தனை வருடம் கழிந்தும் தேவாரத்துச் சொந்தங்களுக்கு நான் 'வெல பேசுன மாப்ளை'தான். போன மாதம் அங்கே ஒரு கல்யாணம். பேத்தியைப் படம் எடுக்க ஈஸ்வரியின் போனைக் கேட்டேன். பூட்டியிருந்தது. நம்பர் கேட்டேன். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் அவள் என் கையைப் பிடித்து, முந்தானையால் மூடி, ஒவ்வொரு விரலாக அமுக்கினாள். "ஏ, மாப்ளைக்கு மறுபடியும் வெல பேசுறாக!" என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

"புரிஞ்சுதா?" என்றாள்.

விரல் பேச்சை மாமா எனக்குக் கல்யாணமான முதல் வருடமே கற்றுக்கொடுத்துவிட்டார். ஆறு எண்ணும் தெளிவாகப் புரிந்திருந்தது.

"புரியல. இன்னொரு தடவ குடு" என்றேன்.