நடுநிலைத் தூக்கம்

நீதி எல்லோருக்கும் பொது என்பதால், எங்கள் பகுதிக் குடிநீர் இணைப்பு அலுவலகத்துக்கும் அது ஒரு நாள் வந்து சேர்ந்தது. வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். குழாய் இணைப்புக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்த எனக்கு அந்தக் கூடத்து பெஞ்சு இரண்டாவது வீடாகிவிட்டிருந்தது. இரண்டு வீட்டிலும் தண்ணீர் வராததால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நடந்தது சின்ன விஷயம். கண்காணிப்பாளர் ஒரு கோப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கவுண்டரில் டோக்கன் நம்பரைக் கூப்பிடும் பெண்மணியை, எல்லோருக்கும் அவர் கவுண்டர் அக்கா, கூடத்தின் நடுவே இருந்த தன் மேஜைக்கு வரச் சொன்னார். "ஒரு ஃபைலை ஒழுங்கா வைக்கத் தெரியாது? எருமை! எருமை!" என்று கத்தினார். அந்த அலுவலகத்தில் ஒரு தடவை சொன்னால் எதுவும் நடக்காது, அதனால் இரண்டு தடவை. கத்துகிற வேகத்தில் எழுந்தார் பாருங்கள், அவர் உட்கார்ந்திருந்த குஷனுக்கு அடியிலிருந்து கோப்பு நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார்.

அதோடு முடிந்திருக்கும். கெட்ட நேரம், வீட்டுச் சாவி வாங்க வந்த அக்காவின் மாமியார் அப்போது வாசலில் நின்றிருந்தார். மருமகளுக்குப் பொருத்தமான ஒரு வார்த்தையை வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு, அது அலுவலக முத்திரையோடு கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடினாலும் குறைந்தாலும், "உங்க ஆபீசர் சும்மாவா சொன்னாரு?" என்ற ஒரே கேள்விதான்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் அக்கா. "எல்லார் முன்னாடியும் சொன்னார். எல்லார் முன்னாடியும் 'தப்பா சொல்லிட்டேன்'னு சொல்லட்டும். போதும்." பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

புகார் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து டை கட்டிய ஒரு சட்ட ஆலோசகர் வந்தார். விசாரணை நியாயமாகவும், பாரபட்சமின்றியும், பின்னாளில் எந்த நீதிமன்றத்திலும் செல்லுபடியாகத்தக்க விதத்திலும் நடத்தப்படும் என்று அறிவித்தார். பிறகு, "சம்பவத்தை யாரெல்லாம் கேட்டீங்க?" என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை ஊழியர்களும் கையைத் தூக்கினார்கள். அப்போது அவர்களுக்கு இன்னும் பழக்கம் போதவில்லை.

"அப்படின்னா விசாரணை அதிகாரியா இருக்க உங்கள்ல ஒருத்தர்கூட தேற மாட்டீங்க" என்றார் ஆலோசகர். "விஷயம் தெரிஞ்சவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். அபிப்பிராயம் இருக்கிறவர் எப்படி நடுநிலையா இருக்க முடியும்?"

"நாங்க நேர்லயே பார்த்தோமே சார்!" என்றார் தட்டச்சர்.

"அதைத்தானே நானும் சொல்றேன். பார்த்துட்டீங்களே!"

அக்கா மெதுவாக என் பெஞ்சுக்கு வந்தார். "நீங்க வெளியாள் சார். தினமும் இங்கதான் இருக்கீங்க. நீங்க சொன்னா எடுபடும்."

என் விண்ணப்பம் கண்காணிப்பாளரின் மேஜைமேல் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. "நான் சரியா கவனிக்கலையேம்மா" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

விசாரணை அதிகாரியாக இருக்கத் தகுதியான ஆளை அலுவலகம் முழுக்கத் தேடினார்கள். கடைசியில் பதிவறையில் கண்டெடுத்தார்கள். பதிவறை எழுத்தருக்கு 'தலையணை' என்று பட்டப்பெயர். சம்பவம் நடந்தபோது அவர் மேஜையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டார் ஆலோசகர்.

தன் வேலைக்கு உலை வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று தலையணை நடுங்கினார். "லேசா கண் அசந்துட்டேன் சார்..."

"லேசாவா?" ஆலோசகரின் முகம் வாடிவிட்டது.

"இல்ல சார். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

"நடுவுல முழிப்பு?"

"டீ வந்தப்போதான்."

ஆலோசகர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த அலுவலகத்துல கறைபடாத மனுஷன் நீங்க ஒருத்தர்தான்!"

அன்றே தலையணை விசாரணை அதிகாரியானார். அவருடைய நடுநிலை கெடாமல் இருக்கத் தனி அறையும், பின்னால் சாய்கிற நாற்காலியும் வழங்கப்பட்டன. சாட்சிகளின் முகம் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டே விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் கேள்விகளும் நின்றுவிடும். சாட்சிகள் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வருவார்கள்.

வேறு வழியில்லாமல் அக்கா மாமியாரையே சாட்சிக்கு அழைத்து வந்தார்.

"சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்" என்றார் மாமியார். "பொருத்தமாத்தான் சொன்னாரு."

ஆலோசகர் குறுக்கிட்டார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மருமக."

"அதானே பார்த்தேன்! மருமக மேல இருக்கிற பாசத்துல இப்படிச் சொல்றீங்க."

மாமியார்மேல் அப்படி ஒரு பழி அதுவரை விழுந்ததில்லை. வீடு போய்ச் சேரும்வரை "எனக்கா? பாசமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாராம்.

அறிக்கை கூடத்தில் வாசிக்கப்பட்டது. "சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நேரத்தில் எனது தூக்கம் எவ்விதத்திலும் கலையவில்லை. கண்காணிப்பாளர் கத்தியிருந்தால் கலைந்திருக்கும். ஆகவே அவர் கத்தவில்லை. புகார்தாரர் இனிமேல் எழாத சத்தங்களைக் கேளாதிருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்."

சட்டப்படி இதில் ஓர் ஓட்டைகூட இல்லை என்றார் ஆலோசகர். அக்கா தலையைக் குனிந்தபடி கவுண்டருக்குப் போய் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

தலையணைக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்குப் பிறகு சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? எல்லா அலுவலகங்களிலும் போதிய நடுநிலையாளர்களைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவும் வந்தது. ஒரு நிபுணர் வந்து, மூக்கு நசுங்காமல் மேஜையில் தலை வைப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார். கழுத்தைச் சுற்றிப் போடும் தலையணை வளையம் நாகரிகமாகிவிட்டது. சாதா ஊழியர்களுக்குத் துணி, அதிகாரிகளுக்குத் தோல். குறட்டை விடாதவர்களை மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். முன்பும் அங்கே தூங்கத்தான் செய்தார்கள், ஆனால் ஒரு கூச்சம் இருந்தது. இப்போது சான்றிதழ் இருந்தது.

ஒரு பிற்பகல். கூடம் முழுக்க வளையத்தில் தலை சாய்த்திருந்தது. கவுண்டரில் அக்காவும் பெஞ்சில் நானும் மட்டும் விழித்திருந்தோம். கண்காணிப்பாளர் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார்.

"அந்த ஃபைல் எங்கம்மா?"

அக்கா கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார். "உங்க குஷனுக்கு அடியில பாருங்க, எருமை" என்றார். கணக்கு நேராக வேண்டும் அல்லவா, "எருமை" என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா?" என்று கண்காணிப்பாளர் தட்டச்சரைப் பிடித்து உலுக்கினார்.

"நான் நடுநிலை சார்" என்றார் தட்டச்சர், கண்ணைத் திறக்காமல்.

"அய்யய்யோ! அன்னைக்கு ஏதோ கோபத்துல எருமைன்னு தப்பா சொல்லிட்டேன். அதுக்காக ஒரு ஆபீசரை இப்படியா சொல்றது!" என்று கூடமே அதிரக் கத்தினார் கண்காணிப்பாளர்.

இத்தனை நாளும் அக்கா கேட்டது இந்த வார்த்தையைத்தான். எல்லார் முன்னாடியும் சொல்லியாகிவிட்டது. எல்லாரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார், இந்தம்மா என்னைச் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"இவர் இப்போ ஒத்துக்கிட்டதும் கேட்டுச்சுல்ல சார்?"

என் விண்ணப்பம் அவர் மேஜையில். டோக்கன் கட்டு இவர் கையில். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. வாயை அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டேன். "மன்னிக்கணும். கொஞ்சம் அசந்துட்டேன்."

கண்காணிப்பாளர் தான் என்ன உளறினோம் என்பதை யோசித்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் போய் குஷனைத் தூக்கிப் பார்த்தார். கோப்பு இருந்தது.

அக்கா என்னை அன்றைக்குப் பார்த்த மாதிரியே பார்த்தார். இந்தத் தடவை சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து, என் டோக்கன் நம்பரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அடடா, இப்பத்தான் சார் உங்க நம்பரைக் கூப்பிட்டேன். நீங்க தூங்கிட்டு இருந்திருக்கீங்க. இனிமே முதல்லேர்ந்து விண்ணப்பம் போட்டுத்தான் வரணும்."

"கூப்பிடவே இல்லையேம்மா! நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"அப்படியா?" என்றார் அக்கா. "யாராவது சாட்சி இருக்காங்களா?"

நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் நடுநிலையாக இருந்தார்கள்.