உன் அத்தானின் ரொட்டி உப்புகிறது

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தைகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே உன் அத்தான் நலம். அவர் சுடும் ரொட்டி அதைவிட நலம். நான்தான் சரியில்லை.

நில அளவை ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே மனிதர் அடுப்படிக்குள் வந்துவிட்டார். தண்ணீரை அளந்து ஊற்றி, உருண்டைகளை ஒவ்வொன்றாக எடை போட்டு, தேய்த்த ரொட்டியின் குறுக்கே ஸ்கேல் வைத்துப் பார்த்து, ஐந்தாம் நாள் ஒன்று விடாமல் பூனைக்குட்டி வயிறு போல உப்ப வைத்துவிட்டார். முப்பத்தொரு வருஷமாக நான் சுட்டதை வாய் பேசாமல் தின்ற உன் அக்கா மகன், இரண்டு வாய் தின்றுவிட்டு, "அம்மா, அப்ப இவ்ளோ நாளா நாம சாப்பிட்டது என்னது?" என்றான். கேலியில்லை, நிஜமான சந்தேகம். அதனால்தான் வயிறு எரிகிறது. உன் அத்தான் பெருந்தன்மையாக, "உன் கைல குறையே இல்ல. பிசைஞ்ச மாவுக்கு அரை மணி ஓய்வு குடுக்கணும், அவ்ளோதான்" என்றார். "எனக்கே ஓய்வு குடுக்காத வீட்ல மாவுக்கு ஓய்வா?" என்றேன். அதற்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

உன்னிடம் மறைப்பானேன், ஒரு நாள் அவர் வெதுவெதுப்பாக வைத்திருந்த தண்ணீரை மாற்றி, கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்தேன். மாவு பாழாகட்டும் என்றுதான். கரண்டியால் கிளறிப் பிசைந்தார். அன்றைய ரொட்டி பஞ்சு. "சுடுதண்ணிதான் ரகசியம்" என்று நோட்டில் எழுதித் தேதியும் போட்டுக்கொண்டார். முதல் ரொட்டியை நெய் தடவி எனக்குத்தான் தந்தார். நாலு தின்றேன். எப்படி இருக்கு என்றார். உப்பு கம்மி என்றேன். பிறகு பாத்திரம் துலக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. சோப்பு பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன். ரொட்டி நான் சுடுகிறேன். உன் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் வராமல் மட்டும் பார்த்துக்கொள். உன் வீட்டில் எல்லாம் பெருகட்டும், யாருக்கும் திடீர்த் திறமை வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பல் டாக்டரம்மா கதவைத் தட்டினாள். "சார், வாசனை மேல வரைக்கும் வருது. எனக்கும் கத்துத் தருவீங்களா?" என்றாள். பதினோரு மணி வரை சட்டை மாற்றாத மனிதர் இப்போது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை முதல் வகுப்பு. நான் அங்கே வரவில்லை. நானும் மாணவியாகச் சேர்ந்துவிட்டேன், நடுவில் உட்காரப்போகிறேன்.