உயர்வு: இல்லை

தலைமுறைகளின் கல்வி உயர்வை அளப்பது மனிதகுலம் கண்டுபிடித்த அளவைகளிலேயே மகத்தானது. துணிக்கு முழம் போதும். பாலுக்குப் படி போதும். அப்பாவைவிட மகள் எவ்வளவு உயர்ந்தாள் என்று அளக்கவோ, ஒரு துறையும் நாலு மாடிக் கட்டடமும் வேண்டும்.

அந்தத் துறையின் கணக்கெடுப்பாளர் ஒரு காலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையை இறக்கி வைத்தாள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கேள்விக்காகவே அப்பா காத்திருந்தார். செங்கல் சுமந்தவர். "என்னைப் பூஜ்யம்னு எழுதச் சொல்லும்மா. அப்பதான் நீ படிச்ச பதினேழு வருஷம் தெரியும்" என்பார்.

"அப்பா படிப்பு?"

"பூஜ்யம்."

"வீட்லதான் இருக்காரா?"

"தவறி ஏழு மாசம் ஆச்சு."

"அடடா! ஆறு மாசத்துக்குள்ள வீட்ல தங்கினவர்னா சேர்த்திருக்கலாம்."

"சரி, காலியா விட்டுருங்க."

"காலியா விட்டா மெஷின் அடுத்த பக்கம் போகாது மேடம். அது யாரு, சாய்வு நாற்காலியில?"

அது மாமா, அம்மாவின் அண்ணன். துக்கம் விசாரிக்க வந்தவர், இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பட்டம், பதினேழு வருஷப் படிப்பு. ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை.

"வீட்டுப் பெரியவர். அப்பா இடத்துக்குப் போதும்," என்று கையிலிருந்த கருவியில் தட்டினார் கணக்கெடுப்பாளர்.

"ஐயோ, அவரு என் மாமா!"

"மெஷின்ல மாமாவுக்குத் தனி இடம் இல்ல மேடம்."

"போட்டுக்கட்டும் விடு," என்றார் மாமா கண்ணைத் திறக்காமல். "தம்பி, ரெண்டு பட்டத்தையும் போடுப்பா."

கருவி பதினேழிலிருந்து பதினேழைக் கழித்தது. 'உயர்வு: இல்லை' என்றது.

மறுநாள் அவள் துறைக்கே போனாள். மின்தூக்கி பழுது. நாலு மாடியும் ஏறி வந்தவளை இயக்குநர் அன்போடு உட்காரச் சொன்னார்.

"அப்பாவோட பூஜ்யத்தை மட்டும் போட்டுடுங்க சார். எந்தக் காகிதத்துலயும் அவர் இல்ல."

"ஆய்வுக்கு நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கேம்மா. இல்லாத அப்பாவ நாங்க எங்க போய்த் தேடறது?"

"தேட வேண்டாம் சார். இந்த மாடிக்குச் செங்கல் சுமந்ததே அவர்தான்."

இயக்குநர் சுவரைப் பார்த்தார். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார்.

"அப்ப இங்க வந்து போனவர்தான். ஆனா தங்கலையே!"

மூன்றாம் மாதம் அறிக்கை அதே மாடியில் வெளியானது. 'இவ்வட்டாரப் பிள்ளைகள் உயரவில்லை. பெற்றோரின் அக்கறையின்மையே காரணம்' என்ற வரிக்குக் கைதட்டல் அடங்க நேரமானது. கனமான அறிக்கை, பிரதி ஒன்று நாலு செங்கல் தேறும். மின்தூக்கி இன்னும் பழுது என்பதால், கட்டுக்கட்டாகத் தலையில் வைத்து ஏற்றிக்கொண்டு வந்தவர் வாசலோரம் மூச்சு வாங்கினார். அவர் படிப்பை யாரும் கேட்கவில்லை. அவரும் அங்கே தங்குபவர் இல்லை.