வீடியோவுக்கு முறை வைத்த லஸ்கர்

உலகத்திலேயே செல்போன் வீடியோவுக்கு முறைப்பாசனம் போட்ட ஒரே மனிதர் எங்கள் ஊர் லஸ்கர்தான். மன்னார்குடிக்குப் பக்கத்தில், ஒற்றை டவரை நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு ரீசார்ஜ் கடை வைத்தார். சாயங்காலமானால் ஊரே ஒரே நேரத்தில் சீரியலும் சினிமாவும் பார்க்க, எல்லார் திரையிலும் வட்டம் சுற்றும். சும்மா இருப்பாரா மனிதர்? கடை ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டினார்: மேலத்தெரு ஆறிலிருந்து ஏழு, நடுத்தெரு ஏழிலிருந்து எட்டு, கீழத்தெரு எட்டிலிருந்து ஒன்பது. நேரம் முடிந்ததும் சைக்கிளில் விசிலோடு வருவார். ஒருத்தரும் மதிக்கவில்லை.

அதிகம் கிண்டல் செய்தவன் மேலத்தெருக்காரனான நான்தான். ஒருநாள் என் போனை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எச்டியில பாக்குறீங்க? வாய்க்கால ஒடச்சு வுட்ட மாதிரில்ல இருக்கு! கொறச்சு வைங்க. மூஞ்சி தெரிஞ்சா போதாதா?”

“மூஞ்சி தெரியணும்னுதாங்க எச்டி!”

சிம் கம்பெனிக்காரர் ‘ஏழு ஓடிடி இலவசம்’ என்று போஸ்டர் ஒட்ட வந்தார். “ஏழு மதகு வச்சுட்டீங்க, சரி. தண்ணி எங்க சார்?” என்று லஸ்கர் பிடித்துக்கொண்டார். வந்தவர் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இத்தனைக்கும் லஸ்கர் கையில் இருந்தது பட்டன் போன்!

கீழத்தெருக் கடைசி வீட்டில் இருப்பவர் தையல்காரர் ஸ்டெல்லா அக்கா. அவர் மகள் ஜெனியின் வாலிபால் டீம் மாநில இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. ஆட்டம் கோயம்புத்தூரில். மகள் ஆடி அக்கா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நல்லவேளையாக அந்த சிம் கம்பெனியின் ஆப்பில் நேரடியாகக் காட்டினார்கள்.

ஐந்து மணிக்கு ஆட்டம். நம்ம ஜெனியாச்சே என்று மூன்று தெருவும் ஒரே சமயத்தில் போனைத் திறந்தது. டவர் திணறிப்போனது. அக்காவின் போனில், சர்வீஸ் போடக் கையைத் தூக்கிய ஜெனி தூக்கியபடியே நின்றுவிட்டாள். அக்கா அழாக்குறையாகக் கடைக்கு ஓடி வந்தார்.

“ஐயா, எம்புள்ள நவுரவே மாட்டேங்குறாய்யா!”

லஸ்கர் விசிலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகக் கிளம்பினார்.

“மூடுங்கய்யா எல்லாத்தையும்! பெத்தவ கடைமடையில காஞ்சு கெடக்கா, தலைமடையில ஒங்களுக்கு என்னய்யா வேடிக்கை?”

முதலில் மூடியவன் நான். அவ்வளவு வெட்கமாக இருந்தது. வீடு வீடாகப் போன்கள் அணைந்தன. மொத்தக் கூட்டமும் அக்கா வீட்டு வாசலில், அந்த ஒற்றைப் போனைச் சுற்றி முண்டியடித்தது. ஜெனியின் கை இறங்கியது, பந்து பறந்தது! கடைசிப் பாயிண்டையும் அவளே அடித்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் வயலில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டன.

லஸ்கர் மட்டும் மேலத்தெரு முனையில், எவனாவது போனைத் திறந்துவிடுவானோ என்று காவல் நின்றார். அக்கா பாயசத்தோடு அங்கே ஓடினார்.

“நீங்க பாக்கவே இல்லீங்களேய்யா!”

“ஒம்மூஞ்சியப் பாக்குறேன்ல, போதும்மா” என்றார்.

இப்போது புது டவர் வந்துவிட்டது. முறைக்கு வேலையே இல்லை. ஆனாலும் மேலத்தெரு முறை முடியும் ஏழு மணிக்கு விசில் கேட்கிறது. எச்டியில் ஓடும் படத்தைப் பாதியில் அணைத்துவிட்டு, நான் கடைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.