மால்டெயை வாசலில் நிறுத்திவிட்டு பர்கர் வாங்கிய விவரம்

கார்டா ஏரிக்கரைக் கூடார முகாம்,
செவ்வாய்க்கிழமை, காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த போடில் பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் லெர்கெ எழுதிக்கொண்டது. இங்கே யெப்பெ அண்ணன், பெர்னில்லெ அண்ணி, எட்டு மாதக் குழந்தை மால்டெ, நான் ஆக நான்கு பேரும் நலம். அங்கே நீங்களும் பெரியப்பாவும் உங்கள் கோழிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே "நான்கு பேரும்" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, நேற்று மத்தியானம் ஒன்றே காலிலிருந்து ஒன்றரை வரைக்கும் அப்படி எழுதியிருக்க முடியாது. மூன்று பேர் என்றுதான் எழுதியிருப்பேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதீர்கள், மால்டெ இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பைச் சப்பிக்கொண்டிருக்கிறான். பிடுங்கிவிட்டேன்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், வாக்குக் கொடுத்தது நீங்கள். "லெர்கெ வாயைத் திறக்கமாட்டா, ஆனா பொறுப்பான பொண்ணு, கண்ணை மூடிக்கிட்டு பிள்ளையை விட்டுட்டுப் போகலாம்" என்று அண்ணியிடம் சொன்னீர்கள். அண்ணி ஆகஸ்டில் வேலைக்குத் திரும்புகிறார். குழந்தைகள் காப்பகத்தில் ஜனவரியில்தான் இடம். அதுவரை நான் ஆர்ஹூஸில் அவர்கள் வீட்டில் தங்கி மால்டெயைப் பார்த்துக்கொள்ளலாமா என்பதை இந்தப் பயணத்தில் என்னைக் கவனித்து முடிவு செய்வதாக ஏற்பாடு. எனக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு வாய்மொழித் தேர்வில் சீட்டு எடுத்து, அதில் இருக்கும் கேள்விக்கு இருபது நிமிஷம் பேச வேண்டும் என்றார்கள். நான் சீட்டை எடுத்தேன், சீட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஹோல்கர் மாமாவின் கண்ணாடிக் கூரைத் தோட்டத்தில் வெள்ளரிக்காய் அடுக்குகிறேன். வெள்ளரிக்காய் நம்மிடம் ஒன்றும் கேட்காது, அது சௌகரியம். மால்டெயும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். வெள்ளரிக்காய் ஒரு நாளும் சிரித்ததில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வந்து ஆறு நாளாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை பெரியம்மா. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குவதுதான் முடியவில்லை. பரிமாறுகிறவர் வந்து என் முகத்தைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்பார், நான் தலையாட்டுவேன், அவர் சந்தோஷமாக இன்னொன்று கேட்பார், அதற்கும் தலையாட்டுவேன், இப்படியே ஒருநாள் மூன்று தட்டு வந்தது, மூன்றாவது தட்டில் இருந்தது குதிரைக்கறி என்று முடித்த பிறகுதான் அண்ணன் சொன்னான், அதற்கு முந்தின நாள் ஏதோ ஒரு கடல் பிராணி கால்களோடு வந்து என்னைப் பார்த்தது. அதனால் நேற்று வெரோனா ஊருக்குள் நுழைந்தபோது ஒரு தெரு முனையில் நம்ம ஹோப்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அதே நீல நட்சத்திரம் பர்கர் கடையின் பலகையைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் கண் போன இடத்தை அண்ணி பார்த்துவிட்டார்.

"வேண்டாம் லெர்கெ. ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வந்துட்டு நீல நட்சத்திரத்துல பர்கர் தின்னேன்னு சொன்னா, உன்னை அங்கேயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

"அவ எங்கே சொல்லப்போறா? அவதான் எதையுமே சொல்லமாட்டாளே" என்றான் அண்ணன்.

பிறகு அவர்கள் இருவரும் ஊர் நடுவில் இருக்கும் கோபுரத்தில் ஏறப் போனார்கள். முந்நூற்றுச் சொச்சம் படி. நம்ம ஊர் குழந்தை வண்டி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும், அதில் ஒரு கன்றுக்குட்டியைக்கூடப் படுக்க வைக்கலாம், அது கோபுரம் ஏறாது. ஆகவே மால்டெயும் நானும் கீழே. "ரெண்டு மணி நேரம், பத்திரம்" என்றார் அண்ணி. அவர்கள் தலை மறைந்ததும் வண்டி தானாகவே நீல நட்சத்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், சரி, நான்தான் திருப்பினேன்.

பெரியம்மா, அது அப்படியே நம்ம கடை. அதே நீலக் கதவு, அதே கைப்பிடி, அதே எண்ணெய் வாசனை, அதே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே அதே அகலமான நடைபாதை, போதாததற்கு நிழலும். மால்டெ அசந்து தூங்குகிறான். நான் என்ன செய்தேன்? நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான். வண்டியை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, பிரேக் போட்டு, கொசுவலையைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனேன். நம்ம கடை வாசலில் எந்த நேரமும் நாலைந்து வண்டி வரிசையாக நிற்கும், பிள்ளைகள் காற்றாடத் தூங்கும், அம்மாக்கள் உள்ளே காபி குடிப்பார்கள், என்னையே நீங்கள் ஜனவரிக் குளிரில் அப்படித் தூங்க வைத்ததாக அம்மா சொல்வாள். அந்த ஜன்னலைப் பார்த்ததும் கை அதுவாகவே பிரேக் போட்டுவிட்டது, நான் யோசிக்கவே இல்லை.

உள்ளே சாப்பாட்டுக்குச் சொல்ல ஆள் இல்லை, திரைதான். அந்தத் திரையின் மூலையில் குட்டியாக நம்ம நாட்டுக் கொடி! அழுத்தினேன். "வாங்க! என்ன சாப்பிடுறீங்க?" என்று நம்ம பாஷையில் எழுத்து வந்தது. கண் கலங்கிவிட்டது பெரியம்மா. யாரும் என் முகத்தைப் பார்க்காமல், நான் யார் முகத்தையும் பார்க்காமல், எனக்கு வேண்டியதை எனக்கு வேண்டிய மாதிரி சொன்னேன். உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள, நம்ம ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் அந்த மஞ்சள் சாஸ் ரெமுலாட் மட்டும் இல்லை. அதைப் பார்த்தாவது நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ரெமுலாட் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தால் ஜன்னல் முழுக்க முதுகு. வெளியே இருபது பேர் நிற்கிறார்கள், கையை ஆட்டுகிறார்கள். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நாலு உருளைக்கிழங்குத் துண்டு தின்றேன். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். ஐந்தாவது துண்டை எடுக்கும்போது கூட்டம் கொஞ்சம் விலகியது. ஜன்னலுக்குக் கீழே வெறும் நடைபாதை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கையில் அந்த ஐந்தாவது துண்டு இருந்தது. எல்லாரும் பேசுகிறார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், எப்போதும் போல ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன். அப்போது வந்தது பெரியம்மா. "மால்டெ!" என்று கத்தினேன். எனக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. தெருவே அடங்கிவிட்டது. ஸ்கூட்டரில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். அந்த அமைதியில், எதிரே இருந்த மருந்துக்கடைக்குள்ளிருந்து, தூக்கம் கலைந்தால் மால்டெ கொடுக்கும் அந்த வாத்துக் குரல் கேட்டது.

உள்ளே ஓடினேன். தனியாக நின்ற வண்டியைப் பார்த்து, பிள்ளையை யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அதை இங்கே தள்ளிவந்த லொரெதானா என்ற சிகையலங்காரக் கடை அம்மாள் ஒரு கையில் சீப்பும் மறு கையில் மால்டெயுமாக நின்றுகொண்டிருந்தார். மால்டெ அவருடைய சங்கிலியைத் தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ் குனிந்து ஏதோ கேட்டார், நான் தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார், தலையாட்டினேன். மூன்றாவதும் கேட்டார், அதற்கும் ஆட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. வெள்ளைக் கோட்டு போட்ட மருந்துக்கடைக்காரர், எத்தோரெ என்று பெயர், ஜெர்மனியில் வேலை பார்த்தவராம், ஜெர்மனில் மெதுவாகக் கேட்டார்:

"பாப்பா, அவங்க என்ன கேட்டாங்கன்னு தெரியுமா? இது உன் குழந்தையான்னு கேட்டாங்க, ஆமான்னே. வேண்டாம்னு விட்டுட்டுப் போனியான்னு கேட்டாங்க, அதுக்கும் ஆமான்னே. இதுக்கு முன்னாடியும் இப்படிச் செஞ்சிருக்கியான்னு கேட்டாங்க."

மூன்றாவதற்கு மட்டும் நான் சரியாகத்தான் தலையாட்டியிருக்கிறேன்.

இப்போது பேசியே ஆக வேண்டும், சீட்டோடு வீட்டுக்குப் போக முடியாது. பள்ளியில் படித்ததில் எனக்குப் பேசத் தெரிந்த ஜெர்மன் வாக்கியங்களில் பாதி பூனையைப் பற்றி, பாதி மழையைப் பற்றி. அதை வைத்துக்கொண்டு, இவன் என் அண்ணன் பிள்ளை, எங்கள் ஊரில் பிள்ளைகள் வெளியில்தான் தூங்கும், மழை வந்தாலும் தூங்கும், பூனை வந்தால் மட்டும் வலை போடுவோம் என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் நம்பவில்லை. அப்போதுதான் போனில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. போன பிப்ரவரியில் நான் எடுத்தது: நம்ம ஹோப்ரோ கடை, மேலே நீல நட்சத்திரம், ஜன்னலுக்குக் கீழே ஐந்து குழந்தை வண்டி, வண்டிகளின் மேல் ஒரு சாண் பனி. நீட்டினேன்.

படம் கை மாறிக் கை மாறிப் போனது, அவர்கள் சொன்னதை எத்தோரெ எனக்கு ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தார். "அட, இது நம்ம கடைதானே!" என்றார் ஒருவர். "அதே கதவு!" என்றார் இன்னொருவர். கடைசியாக லொரெதானா அம்மாள் பார்த்தார். எத்தோரெ சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னார்:

"அந்த அம்மா கேக்கறாங்க, உங்க ஊர்ல பிள்ளைங்களை ஐஸ்பெட்டியில வச்சுத்தான் வளர்ப்பீங்களா? கெட்டுப்போயிடும்னு பயமா?"

போலீஸ்கூடச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு விரலை நீட்டி, "இங்க நீ எங்க போறியோ பிள்ளையும் அங்க வரணும். கக்கூஸுக்குப் போனாலும்" என்று எத்தோரெ மூலம் கண்டிப்பாகச் சொன்னார். அதற்கும் தலையாட்டினேன், இந்த முறை புரிந்துகொண்டு. லொரெதானா அம்மாள் என்னை விடவில்லை. தலையில் பாதிச் சாயத்தோடு ஒரு வாடிக்கைக்காரி அவருக்காகக் காத்திருந்தாளாம், அதையும் மறந்து, வண்டியைத் தானே தள்ளி நீல நட்சத்திரத்துக்குள் கொண்டுவந்து, ஆறிப்போன பர்கரை நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு ருசியான பர்கரை நான் தின்றதே இல்லை.

கோபுரத்திலிருந்து இறங்கிய அண்ணி பிள்ளையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "என்ன இது, இவன் மேல சென்ட் வாசனை வருது?" என்றார். "பூக்கடைப் பக்கம் நின்னோம்" என்றேன். ஒரே நாளில் கத்தவும் செய்தேன், பொய்யும் சொன்னேன். பிள்ளை கிடைத்த நிம்மதியில் நேற்றுச் சாயங்காலம் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன், ஆனால் அந்தப் பூக்கடை மட்டும் தொண்டையில் நிற்கிறது. இப்படிப்பட்டவளிடம் பிள்ளையை விடச் சொல்லி நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, எனக்கு ஆர்ஹூஸ் பிடிக்கவில்லை என்று நீங்களே அண்ணியிடம் ஏதாவது சொல்லிவிடுங்கள். இன்னொன்று, ஹோல்கர் மாமாவிடம் பேசி என் வெள்ளரிக்காய் வேலையை வைத்திருக்கச் சொல்லுங்கள். கடைசியாக, இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பெரியப்பாவின் முட்டி வலி இறங்கட்டும், உங்கள் கோழிகள் நிறைய முட்டையிடட்டும், நீங்கள் என் மேல் கோபிக்காமல் நூறு வயது இருங்கள். நேற்றுக் கத்தியதில் தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. இனி ஒரு வருஷத்துக்கு வாய் திறப்பதாக இல்லை.

உங்கள் அன்புள்ள,
லெர்கெ

பின்குறிப்பு: மேலே கேட்ட மூன்றையும் விட்டுவிடுங்கள். ஸ்டாம்பு கேட்டு வாங்க வெட்கப்பட்டு உறையை அண்ணியிடம் கொடுத்தேன். பதற்றத்தில் முகவரி எழுத மறந்திருக்கிறேன். யாருக்கு என்று பார்க்க அவர் பிரித்துவிட்டார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் வாசித்தார். நான் கூடாரத்து முளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முடித்ததும் கூப்பிட்டார்: "யெப்பெ! சீக்கிரம் வா! லெர்கெ கத்தியிருக்கா!" அண்ணன் கேட்டான்: "எந்த லெர்கெ?"

பிறகு அண்ணி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "வண்டியை நானும் வெளியிலதான் நிறுத்தியிருப்பேன்டி. நம்ம ஊர்க்காரி யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பா. பூக்கடைன்னு சொன்னேல்ல, அதுக்குத்தான் கோபம். ஆனா அதுக்காக நாலு பக்கம் அழுதிருக்கே. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி பெட்டியோட வந்து சேரு" என்றார். ஒரே நிபந்தனை: நாடு திரும்பும்வரை வண்டி என்னை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, ஸ்டாம்பும் நானேதான் வாங்க வேண்டும்.

வாங்கிவிட்டேன். முகாம் வாசலில் இருக்கும் சின்னக் கடைக்குள், வண்டியோடுதான் வந்தேன். வரும்போது இடித்துத் தள்ளி நுழைந்த வண்டி, திரும்பும்போது கதவில் நன்றாக இறுகிவிட்டது. உள்ளே மூன்று பேர் வெளியே போக முடியவில்லை, வெளியே பதினோரு பேர் உள்ளே வர முடியவில்லை, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். "கொஞ்சம் பொறுங்க!" என்று நம்ம பாஷையில் சத்தமாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். கதவைக் கழற்ற ஆள் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை கடைக்காரர் மேசையில் வைத்து இதை எழுதுகிறேன். மால்டெ என் மடியில்தான் இருக்கிறான்.