தொண்ணூற்றாறாம் நாள்

அன்பும் படிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்து கோணலாக இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு வந்து, விபத்தைத் தடுக்கும் நடத்தை அறிவியல் என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தீர்களே, அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். பிஸ்கட் அவ்வளவு நன்றாக இருந்ததாம். அட்டை வெட்டும் மெஷினில் பிளேடை மறைக்கும் மூடி, ஸ்பிரிங் உடைந்து தொங்குவதை உங்களிடம் காட்டினேன். மேனேஜருக்கு மூன்று முறை எழுதிப் போட்டும் அசையவில்லை, மாப்பிள்ளை சொன்னால் கேட்பார் என்று ஒரு நப்பாசை. நீங்கள் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, பிரச்சினை மெஷின்ல இல்ல, மனசுல இருக்கு"ன்னு சொன்னீங்க. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இருக்காதா பின்னே, மனசுக்கு ஸ்பிரிங் வாங்க வேண்டாமே.

யாரோ பார்ப்பது போல இருந்தால் மனிதன் ஒழுங்காக இருப்பான் என்றீர்கள். மெஷினுக்கு மேலே இரண்டு பெரிய கண் படம் ஒட்டிவிட்டார்கள். இப்போது எல்லோரும் பிளேடை விட்டுவிட்டு அந்தக் கண்ணைத்தான் பார்க்கிறோம். வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' பலகை, நூறாவது நாள் ஆளுக்கொரு சக்கர சூட்கேஸ். அன்றிலிருந்து கம்பெனியில் யாருக்கும் அடியே படுவதில்லை மாப்பிள்ளை. பேக்கிங் மீசைக்காரர் காலில் அட்டைக்கட்டு விழுந்தது. "ஒண்ணுமில்லப்பா, புது ஷூ கடிக்குது"ன்னு நொண்டுறாரு. நீங்கள் சொன்னபடி தினம் ஒருவரைப் பாராட்டி அட்டை எழுத வேண்டுமே, நான் அவரைப் பற்றி 'நிதானமாக நடக்கிறார்' என்று எழுதிப் போட்டேன். அதுதான் அந்த வாரத்தின் சிறந்த அட்டை. மேனேஜரே கைதட்டினார்.

தலைவர் கீழே இறங்கி வந்து பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். மேனேஜரும் தினம் பதினொரு மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வருகிறார். "எல்லாம் நல்லா இருக்கா?" என்பார், பதில் வருவதற்குள் பாதிப் படி ஏறியிருப்பார். ஒருநாள் பின்னாலேயே ஓடி, "சார், அந்த ஸ்பிரிங்கு..." என்றேன். "பெரியவரே, நல்லதையே பேசுங்க" என்றார்.

விளையாட்டாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு பயமா இருக்கு மாப்பிள்ளை. அந்த மெஷின் முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கிறவன் நான். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம். பத்து விரலோட வீட்டுக்குப் போகணும், வேற ஆசை இல்ல. கடிதம் கிடைத்த அன்றே மேனேஜருக்கு போன் போட்டு, மனசை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூடியை மாட்டுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அறிவியல், நான் சொன்னால் புலம்பல்.

இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

அன்புள்ள மாமா

பி.கு.: போன் போட வேண்டாம். பலகையில் இன்று தொண்ணூற்றாறு. நான்கு நாள் கழித்து, சூட்கேஸ் கைக்கு வந்த பிறகு போடுங்கள். உங்கள் வீட்டுக்கு வர அதில்தான் துணி வைப்பேன் என்று உங்கள் அத்தை பழைய பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இந்தக் கடிதம் முழுக்க இடது கையால்தான் எழுதுகிறேன். வலது ஆள்காட்டி விரல் இருக்கிறது, நகம்தான் இல்லை. வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லியிருக்கிறேன், யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்று மட்டும் எனக்கு ஏழு பாராட்டு அட்டைகள். ஏழிலும் ஒரே வாசகம்: 'கையைப் பத்திரமாக பேன்ட் பைக்குள் வைத்திருக்கிறார்.'