ஆற்றங்கரை மாடனின் வண்டி

ஜெயசித்ரா வீட்டுப் பொங்கல் பானைக்கு இந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழாவில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார் கோயில் தலைவர் குத்தாலிங்கம். காரணம், அவள் போனில் எழுதிவந்த தொடர்கதை. அதில் குலசாமி ஆற்றங்கரை மாடன் புல்லட்டில் ஏறி, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு மணல் கடத்தும் லாரிகளைத் துரத்திக்கொண்டிருந்தார். படிப்பவர்கள் பல்லாயிரம் பேர். பகலெல்லாம் தென்காசி இ-சேவை மையத்தில் ஆதாருக்குப் பேர் திருத்துகிற பெண்ணுக்கு அது சின்னச் சந்தோஷமா?

அம்மா ரெங்கம்மாள் அழுதே தீர்த்தாள். குலசாமிக்கு அடுப்பு மூட்ட முடியாவிட்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவதாம்?

சரி, போகட்டும் என்று புல்லட்டைப் பிடுங்கிவிட்டு மாடனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை கொடுத்தாள் ஜெயசித்ரா. எதற்கு வம்பென்று வாயிலிருந்த சுருட்டையும் எடுத்துவிட்டாள். மறுநாளே குத்தாலிங்கம் வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, சுருட்டு இல்லாத மாடனை எங்கனயாவது கண்டிருக்கியா? நாம அவருக்குப் படைக்கதே அதுதானட்டி."

சுருட்டு திரும்பி வந்தது. ஆனால் குதிரையில் போய் லாரியைப் பிடிக்க முடியுமா? நாலு அத்தியாயமாக மாடன் எல்லையிலிருக்கும் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டவில்லை. வாசகர்கள் கொட்டாவி விட்டார்கள்.

பேசாமல் பெரியவர்களையே கேட்டு எழுதிவிடலாம் என்று போனாள். அங்கேதான் வந்தது வினை. மாடன் கைலாயத்தில் பிறந்தவர் என்றார் ஒருவர். மலையாளத்திலிருந்து மலையேறி வந்தவர் என்று சாதித்தார் இன்னொருவர். யாரையும் பகைக்க வேண்டாமே என்று இரண்டையும் எழுதினாள். இரண்டு குடும்பங்களும் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்திக்கொண்டன.

அவள் பானை வைக்கலாமா கூடாதா, இனி சாமியே சொல்லட்டும் என்று முடித்துவிட்டார் குத்தாலிங்கம்.

மதியக் கொடை. மேளம் உச்சத்துக்குப் போக, சாமியாடி மாடக்கண்ணு ஈட்டி மாதிரியான வல்லயத்தை ஓங்கிக்கொண்டு ஆடினார். ரிட்டயர்டு ஏட்டு. கதை கிதை படிக்கிற ஆளே இல்லை. வைத்திருப்பது பட்டன் போன். ஜெயசித்ரா பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஓரமாக நின்றாள்.

சாமி நேராக அவளிடம்தான் வந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசியது.

"இவ பானைதாம்லே முதல்ல பொங்கணும்."

குலவைச் சத்தம் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. ரெங்கம்மாள் இப்போதும் அழுதாள், சந்தோஷத்தில். குத்தாலிங்கமே தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். ஊரே பார்க்க ஜெயசித்ரா தலைநிமிர்ந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

நகரப்போன சாமி மறுபடி அவள் பக்கம் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டது.

"குதிரை வேண்டாம் மவளே, இடுப்பு வலிக்கி. என் புல்லட்டைத் தந்திரு."